பேட்டைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டிச் சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டில் கருநாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் எழுப்பியது அது. அகழியையும் கொத்தளங்களையும் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு, 1751ஆம் ஆண்டின் வாலிகொண்டாப் போரைப் பற்றி இரண்டு சொல் பேசித் திரும்புவோரே மிகுதி. கோட்டையின் ஒரு பகுதி ‘பேட்டை’ என வழங்குவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோட்டையை ஒட்டி வணிகர் குடியேறிக் கடை பரப்பிய இடத்தையே பேட்டை என்பது தமிழ் வழக்கு. வாலாஜாபேட்டையும் இராணிப்பேட்டையும் நவாபுகள் காலத்தை இன்றும் பெயரிலே சுமந்து நிற்கின்றன. சிப்பாயின் கைக்கு வந்த சம்பளம் அரிசியாகவும் எண்ணெயாகவும் துணியாகவும் மாறிய இடம் பேட்டை. சம்பளம் நின்றால் கடை ஓயும். கடை ஓய்ந்தால் சுங்கம் குறையும்.

இதனை அறிஞர் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டளவில் எழுதிய ‘முகத்திமா’வில் தெளிவாக விளக்கியிருக்கிறார். அரசே எல்லாவற்றினும் பெரிய சந்தை, அரசர் பொருளைப் பூட்டி வைத்தால் படையினரும் பணியாளரும் செலவைச் சுருக்குவர், வணிகம் தளரும், முடிவில் வரி வருவாயும் வீழும் என்பது அவர் கருத்து. மக்களின் செலவை அளக்க விற்பனையைப் பார் என்று இன்றைய பொருளியலார் கூறுவதற்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது!

சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் 1844இல் ஒழிந்தது. விற்பனையின் மீது பொதுவரி வந்தது 1939இல். மதுவிலக்கினால் இழந்த வருவாயை ஈடுசெய்ய இராஜாஜி அமைச்சரவை இயற்றிய பொது விற்பனை வரிச் சட்டம், கடைக்காரரின் பேரேட்டை அரசின் மேசைக்குக் கொண்டுவந்தது. அந்த வரியின் வழித்தோன்றலான சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் மாத வசூல் ஏறினால் மக்கள் கை தாராளமாகிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன.

அவ்வளவு எளிதாக அதனை ஒப்ப நம்மால் இயலவில்லை. பெரம்பலூர்ப் பகுதியின் புகழ்பெற்ற விளைபொருள் சின்ன வெங்காயம். பச்சைக் காய்கறிக்கு இவ்வரி கிடையாது. ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்குள் அடங்கும் சிறு கடைக்காரர் பலர் பதிவு செய்ய வேண்டியதில்லை. விலை ஏறினாலும் வசூல் ஏறும். வாங்கிய அளவு குறைந்திருக்கக் கூடும்.

அமெரிக்க அரசு சில்லறை விற்பனையை மாதந்தோறும் தனியே கணக்கிட்டு வெளியிடுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வாறே செய்கின்றன. அங்கும் வீட்டு வாடகையும் மருத்துவர் கட்டணமும் அதில் சேர்வதில்லை. பெருநாள் படுத்தும் பாடு வேறு! 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரலில் வந்தது. 2025இல் மலேசியாவில் மார்ச் 31ஆம் நாளே வந்துவிட்டது. பெருநாள் துணியும் பலகாரமும் மார்ச்சிலேயே விற்றுத் தீர்ந்தபின், ஏப்ரலை ஏப்ரலோடு மட்டும் ஒப்பிடுபவர் வணிகம் சரிந்ததென்று கலங்குவார். பிறை பார்த்து நாள் குறிக்கும் நமக்கு இது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே கடையைப் பார்த்தால் போதாது. வீட்டையும் கேட்க வேண்டும். அதற்கென்றே நம் நாட்டில் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கப்பட்டது. ஆனால் 2017-18ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின் முடிவை வெளியிடுவதில்லை என்று மைய அரசு 2019இல் அறிவித்தது. 2011-12க்குப் பின் அடுத்த முடிவைக் காண 2022-23ஆம் ஆண்டின் ஆய்வு வரை காத்திருக்க நேர்ந்தது. இதனைச் சிறு குறையென்று நாம் கருதவில்லை. இடையில் பணமதிப்பிழப்பும் பெருந்தொற்றும் வந்து போயின. ஏழை வீட்டு உலையில் அவை குறைத்தது எவ்வளவு என்பதை எந்தக் கடைச் சீட்டும் காட்டாது.

2022-23ஆம் ஆண்டு ஆய்வின்படி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய். நகரங்களில் 7,630 ரூபாய். நாடு முழுவதும் சிற்றூர் மக்கள் செலவிடும் நூறு ரூபாயில் ஏறத்தாழ 46 ரூபாய் உணவுக்கே போகிறது.