செய்தி வாசித்த பிள்ளை

2014-இல் விஜய் டிவியில் ‘கல்யாணம் முதல் காதல் வரை’ தொடங்கியபோது, “இது நியூஸ் வாசிச்ச பிள்ளையாச்சே!” என்றாள் என் மனைவி. ஆம், புதிய தலைமுறையில் செய்தி வாசித்த பிரியா பவானிசங்கர்தான். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரை திரும்பத் தாமதமான இரவுகளில், பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் கூடத்தில் அதைப் பார்த்தபடியே காத்திருப்பார்கள். அழுகைத் தொடர் என்று நான் கேலி செய்வேன்.

2017-இல் ‘மேயாத மான்’ படத்தில் கதாநாயகியானார். 2020-இல் அமேசான் பிரைமில் ‘டைம் என்ன பாஸ்’. காலப் பயணிகள் ஒரே வீட்டில் மாட்டிக்கொள்ளும் நகைச்சுவைத் தொடர். அவரும் அந்தப் பயணிகளில் ஒருவர். தமிழில் அறிவியல் புனைவுத் தொடர்கள் அபூர்வம்.

பேரன் கைப்பேசியில் காட்டினான். “நம்ம நியூஸ் பிள்ளை” என்று சொல்ல அவள் இல்லை. அந்தத் தொடர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பது இப்போதுதான் புரிகிறது. கேலி செய்திருக்க வேண்டாம்.