மந்த வாயுவும் தங்கவயலும்

கோலார் தங்கவயல் என்றதும் கேட்போர் மனத்தில் பொன் மின்னுகிறது. சுரங்கத்தில் இறங்கி உழைத்த தொழிலாளிக்கோ பொன்னினும் பெரிது காற்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையை ஏற்றனர். அதன் பின்னர் வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுரங்கமும் ஆழ்ந்துகொண்டே போயிற்று. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அத்தகைய ஆழத்தில் மூச்சுக்குக் காற்று வேண்டும். பாறையைத் துளைக்கும் கருவிக்கு அழுத்திய காற்று வேண்டும். ஊறும் நீரை மேலே இறைக்கவும் வேண்டும். இவையாவும் குழாய்களால் நடந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 92 மைல் கடந்து மின்சாரம் வந்தது. ஆயினும், அந்த மின்சாரத்தால் அழுத்தப்பட்ட காற்று பாறையின் முகத்தை அடைவதற்குக் குழாய் தேவைப்பட்டது.

குழாய் என்றால் இணைப்பு உண்டு. இணைப்பு என்றால் பற்றவைப்பு உண்டு. இப்பேச்சில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், குழாய்களைப் பற்றவைக்கும்பொழுது அவற்றின் உள்ளிருக்கும் காற்றை அகற்றி, மந்த வாயுவை நிரப்பும் முறையாகும். இதன் வரலாறு வியப்பானது. தங்கவயலும் வேறொரு வழியாக இவ்வாயுக்களின் கதையில் இடம் பெற்றிருக்கிறது.

1785-இல் காவெண்டிஷ் என்னும் ஆங்கில அறிஞர், காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் மின்பொறியால் இணைத்து அகற்றிப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் எதனோடும் சேராத ஒரு சிறு குமிழி எஞ்சியது. அதன் பொருள் விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், இரசாயனப் பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிட எடையில் சிறிதளவு மிகுந்திருப்பதை ராலே பிரபு கண்டார். வேறுபாடு நூற்றில் அரைப் பங்குதான். அதை அளவைப் பிழையென்று அவர் தள்ளிவிடவில்லை. அவரும் வில்லியம் ராம்சேயும் முயன்று 1894-இல் ஒரு புதிய வாயுவை உலகுக்கு அறிவித்தனர். எதனோடும் கூடாமல் வாளா இருப்பதால், கிரேக்க மொழியில் 'சோம்பியிருப்பது' என்னும் பொருள்பட ஆர்கான் என்று அதற்குப் பெயரிட்டனர். நாம் உள்ளிழுக்கும் காற்றில் அது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு இருக்கிறது. ஹீலியத்தின் கதையில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1868-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஆராய்ந்தவர்களில் ஜான்சென் என்ற பிரெஞ்சு அறிஞரும் ஒருவர். அக்காலத்துச் சூரிய ஆராய்ச்சியிலேயே அவ்வாயுவின் ஒளிக்கோடு முதலில் தென்பட்டது.

சோம்பல் வாயுவுக்கு வேலை கிடைக்க மேலும் காலம் சென்றது. மின்வில்லால் உலோகத்தை உருக்கி இணைக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. ஆனால் உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஆவலுடன் பற்றிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களுக்கு வேண்டிய மக்னீசியத்தைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அந்த உலோகமோ உருகும் வெப்பத்தில் காற்றுப் பட்டால் எரியும் இயல்பினது. அமெரிக்காவில் நார்த்ராப் விமானக் கம்பெனியைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் என்பவர், டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியத்தை ஓடவிட்டு அவ்வேலையைச் செய்து காட்டினார். பின்னர் ஆர்கான் மலிவாகக் கிடைத்தது; முறையும் பரவியது. இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று வழங்குவது இதன் வழிவந்ததேயாகும்.

இனி நம் வீட்டு எவர்சில்வர்ப் பாத்திரத்தைப் பார்ப்போம். அது துருப்பிடிக்காதது ஏன்? அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஆடையொன்றைத் தன்மேல் நெய்துகொள்கிறது. அந்த ஆடை இருக்கும்வரை துரு அணுகாது. ஆனால் உலோகம் உருகும் வெப்பத்தில் காற்றுப் பட்டால், மெல்லிய ஆடைக்குப் பதிலாகத் தடித்த கருமையான பொருக்கு உண்டாகிறது. பொருக்கிற்குக் குரோமியத்தைக் கொடுத்துவிட்டதனால் அடியிலுள்ள உலோகம் வலுவிழக்கிறது. குழாயின் வெளிப்புறத்தைத் தொழிலாளியின் கையிலுள்ள கருவியிலிருந்து வரும் வாயு காக்கிறது. உட்புறத்தைக் காப்பார் யார்? வெளியே தையல் வெள்ளிபோல் விளங்க, உள்ளே அடுப்பில் தீய்ந்த வெல்லப்பாகுபோல் பொரிந்து கிடக்கும். பால் செல்லும் குழாயாயின் அந்தப் பிளவுகளில் கிருமிகள் தங்கும்; இரசாயனம் செல்லும் குழாயாயின் அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

இதற்காகவே குழாயின் உட்புறத்தில் இணைப்பின் இருபுறமும் அடைப்பு வைக்கின்றனர். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. ஆகையால் அதைக் கீழ்ப்புறமாகச் செலுத்தி, மேற்புறத் துளை வழியாகக் காற்றை வெளியேற்றுகின்றனர். குடத்து நீர் நிரம்பி எழுவதுபோல் வாயு மெல்ல எழ வேண்டும். வேகமாகச் செலுத்தினால் காற்றோடு கலந்துவிடும். உள்ளே எஞ்சிய ஆக்ஸிஜனைக் கருவியால் அளந்த பின்னரே பற்றவைப்புத் தொடங்குகிறது. நுட்பமான வேலைகளில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பர். வேலை முடியும் தறுவாயில் உள்ளழுத்தம் மிகுந்தால் உருகிய உலோகத்தையே அது வெளியே தள்ளிவிடும். ஆதலின் ஓட்டத்தைக் குறைக்கின்றனர். முதல் தையல் முடிந்ததும் வாயுவை நிறுத்திவிடலாகாது. அடுத்த தையலின் வெப்பமும் உட்புறத்தைத் தாக்கும்.

சாதாரணக் கரி எஃகுக்கு இத்தனை உபசாரம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. அதில் காக்க வேண்டிய குரோமிய ஆடை இல்லை. பற்றவைப்புக் கம்பியிலுள்ள மாங்கனீசும் சிலிக்கனும் ஆக்ஸிஜனின் கேட்டை ஓரளவு நீக்கிவிடுகின்றன. சுரங்கங்களின் காற்றுக் குழாய்க்கும் நீர்க் குழாய்க்கும் அதுவே போதும். ஆனால் விசைச்சுழலியின் எண்ணெய்க் குழாயில் உதிரும் சிறு பொருக்கும் தீங்கு செய்யும்; அங்கே கரி எஃகுக்கும் மந்த வாயு நிரப்புவதுண்டு. கரி எஃகையும் எவர்சில்வரையும் ஒன்றாக இணைக்குமிடத்து, எவர்சில்வரின் பொருட்டு வாயு வேண்டும்.

தங்கவயல் இக்கதையில் எவ்வாறு இடம் பெற்றது என்பதை இப்பொழுது சொல்வோம். 1965-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானிய ஒசாகா, இங்கிலாந்து டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, அச்சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். நியான் என்னும் மந்த வாயு அடைத்த கண்ணாடிக் குழல்கள் அவர்களுடைய கருவிகளுள் ஒன்று. 1980 முதல் அதே ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று அறிய, 1,500-க்கு மேற்பட்ட இரும்புக் குழாய்களில் ஆர்கானும் மீத்தேனும் கலந்து அடைத்துக் காத்திருந்தனர். சிதைவு உறுதிப்படவில்லை. எனினும் இரும்புக் குழாய்க்குள் காற்றுக்கு மாற்றாக ஆர்கான் குடியிருந்த காட்சியைத் தங்கவயலின் ஆழம் கண்டது.

இங்கே எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். மந்த வாயு நஞ்சன்று. ஆயினும் உயிரைக் கொல்லும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சுத் திணறலை நமக்கு உணர்த்துவது உடலில் தேங்கும் கரியமில வாயு. ஆர்கானை இழுப்பவன் கரியமில வாயுவை வழக்கம்போல் வெளியே விட்டுக்கொண்டே இருப்பதனால் திணறல் தோன்றாது. ஓரிரு மூச்சில் நினைவு தவறும். பெரிய குழாய்க்குள்ளோ பள்ளத்திலோ அவன் விழுந்ததைக் கண்டு காப்பாற்ற இறங்குபவனும் விழுவான். உலகின் பல நாடுகளில் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. ஆதலால் வேலை முடிந்ததும் குழாயைக் காற்றால் நன்கு துலக்க வேண்டும். ஆக்ஸிஜனை அளந்த பின்னரே உள்ளே நுழைய வேண்டும். வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். விளக்கின் சுடர் ஒடுங்கினால் பின்வாங்க வேண்டும் என்பதைச் சுரங்கத் தொழிலாளர் பண்டே அறிந்திருந்தனர். பள்ளத்தில் நல்ல காற்று இருக்கிறதென்று கண்ணால் கண்டு சொல்ல முடியாது என்பதே அப்பாடத்தின் சாரம்.

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் மாரிகுப்பத்தில் விடியுமுன் புறப்படும் இரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். அவர்களுள் குழாய்களை இணைக்கும் கைத்திறம் வாய்ந்தோரும் உண்டு. அவர்கள் கையால் நிகழும் நல்ல தையலின் உட்புறத்தை நாம் காண்பதில்லை. அதன் வழியே வரும் பாலை நாம் அருந்துகிறோம். அத்தொழிலாளி காற்றை அளந்து பார்த்து இறங்கவும், அளப்பதற்குரிய கருவியும் காவலும் அவருக்குக் கிடைக்கவும் வேண்டும். பாட்டன் சுரங்கத்திலிருந்து மூச்சோடு திரும்பியதுபோல் பேரனும் மாலை இரயிலில் வீடு திரும்ப வேண்டும். அதற்கு வேண்டிய செலவைச் செலவென்று எண்ணலாகாது.