டீ குடிச்சிட்டு வர்ற லேப்டாப்

போன மாசம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயிருந்தப்போ தங்கச்சி ஒரு பழைய லேப்டாப்பை நீட்டினா. "அண்ணே, ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டே வந்துரலாம். பழைய இரும்புக்குப் போட்டுரவா?"

பதறிட்டேன். ப்ளஸ் டூ படிக்கும்போது அவளுக்குக் கிடைச்ச அரசு லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல தொடங்கி வச்ச திட்டம். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். எங்க வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான். அப்பா உப்பளத்துல நிக்கிற 14 படம் அதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. அப்பா இப்ப இல்லை.

சரி, ஏன் இவ்வளவு மெதுவு? அதுக்கு 1956-க்குப் போகணும். ஐ.பி.எம். அந்த வருஷம் ராமாக்னு ஒரு மெஷினோட முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்துச்சு. 24 அங்குலத் தட்டு 50. எடை ஒரு டன். கொள்ளளவு? சுமார் 5 எம்பி! இன்னிக்கு மொபைல்ல எடுக்குற ஒரே ஒரு போட்டோ :-)

தட்டு சுத்தும், ஹெட் தேடிப் போய்ப் படிக்கும். அரை நூற்றாண்டுல தட்டு இரண்டரை அங்குலமா சுருங்குச்சே தவிர, வேலை அதேதான். நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். சிதறிக் கிடக்குற துண்டுகளை நொடிக்கு நூறுகூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்ப ஆயிரக்கணக்குல வேணும். ப்ராசஸர் பாவம், சும்மா உக்காந்திருக்கும். திட்டு மட்டும் அதுக்கு!

சுத்தாத நினைவகம் அப்பவே இருந்துச்சு. தோஷிபாவுல ஃபுஜியோ மசுவோகா 1984-ல் ஃப்ளாஷ் மெமரியை அறிவிச்சார். 1991-ல் சன்டிஸ்க் 20 எம்பி எஸ்.எஸ்.டி. கொண்டு வந்துச்சு, விலை சுமார் 1000 டாலர். 2011-லயும் ஹார்ட் டிஸ்க்கைவிட விலை கூடத்தான். லட்சக்கணக்குல இலவசமா கொடுக்குற லேப்டாப்ல அதை எப்படி வைக்க முடியும்?

முதல்ல படங்களை காப்பி போட்டேன். டிஸ்க் 'டிக் டிக்'னு அடிச்சுது. பாதியில நின்னு போச்சு. ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, திரும்பவும்... 13 படம் வந்துருச்சு. ஒண்ணு மேல்பாதி மட்டும், கீழே ஒரே சாம்பல்.

அப்புறம் ஸ்க்ரூவைக் கழட்டி 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டேன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், இது 7. லொடலொடன்னு ஆடுச்சு, அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்தேன். 1799-ல் வெள்ளைக்காரன் இடிச்ச கோட்டையை 1801-ல் ஊமைத்துரை திரும்பக் கட்டின ஊரு, நமக்கு இதென்ன :-) லினக்ஸ் போட்டு ஆன் பண்ணினா அரை நிமிஷம்கூட ஆகலை.

தங்கச்சி அந்த அரைப் படத்தைத்தான் முதல்ல திறந்தா. "முகம் தெரியுதுல்ல அண்ணே"ன்னா.

பி.கு: பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடலை. அந்தக் கீழ்ப்பாதிக்காக அலமாரியில வச்சிருக்கேன்.