செல்ஃபும் பிரேக்கும்: பழுதுபார்த்தலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மோட்டார் சைக்கிளின் வரலாறு இதுவரை ஓட்டியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வேகம், சாலை, ஆண்மை என்கிற மூன்று சொற்களுக்குள் அது முடிந்துபோகிறது. வண்டியைக் கழற்றி மாட்டியவர்கள் அந்தக் கதையாடலில் இல்லை. இருபது வருஷம் தாண்டிய என் வண்டியை நானே கழற்ற உட்கார்ந்தபோதுதான் இந்த இன்மை எனக்கு உறைத்தது. பின் பிரேக் பிடிக்கவில்லை, செல்ஃபும் எடுக்கவில்லை. அந்த இரண்டு உறுப்புகளிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாரை நம்மூரில் ‘செல்ஃப்’ என்கிறோம். ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதில் மிஞ்சிய பாதி. தன்னிலை பற்றி இவ்வளவு எழுதிய நாம், அதே சொல் மெக்கானிக் ஷாப்பில் என்ன பொருளில் புழங்குகிறது என்று பார்த்ததில்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் கார்களில் வந்தது. அதற்குமுன் காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும்; எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். மோட்டார் சைக்கிளுக்கு அது பரவலாக வந்துசேர இன்னொரு அரை நூற்றாண்டு ஆயிற்று. 1969இல் வந்த ஹோண்டா சிபி 750இல் மின் ஸ்டார்ட்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே இருந்தன.

இங்கே கதை வேறு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் செய்த புல்லட்டைக் கிளப்ப, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, கிக்கரை இடம்பார்த்து நிறுத்தி உதைக்க வேண்டும். கணக்குத் தப்பினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அந்த உதை ஆண்மைக்கான சான்றிதழாயிற்று. 1984இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் பட்டனோடு வந்தது. பட்டன் வண்டியை ‘லேடீஸ் வண்டி’ என்று ஒதுக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். ஒரு சின்ன மோட்டார், சாலையில் யாருக்கு இடம் என்கிற கேள்வியைக் கிளப்பிவிட்டது என்பதே அந்த எரிச்சலின் உள்ளடக்கம்.

பிரேக்கின் கதை இன்னும் வெளிப்படையானது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி 350ஐ ‘ராஜ்தூத் 350’ ஆக இங்கே கொண்டுவந்தது. ஜப்பானிய மூலத்தில் முன்சக்கரத்துக்கு டிஸ்க். இங்கே செலவைக் குறைக்க இரண்டு சக்கரத்துக்கும் டிரம். எஞ்சினின் வலுவையும் கொஞ்சம் குறைத்தார்கள் என்றாலும், அன்றைய இந்தியச் சாலையில் அதுவே மிக வேகமான வண்டிகளில் ஒன்று. ‘ரேபிட் டெத்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்கிற சொல்லாடலில் வேகம் விளம்பரமாகிறது, நிறுத்தும் திறன் செலவுக் கணக்காகிறது.

என் வண்டிக்கு வருகிறேன். பட்டனை அழுத்தினால் ரிலே ‘டிக்’ என்றது, மோட்டார் சுற்றவில்லை. பாட்டரி சரியாகவே இருந்தது. மோட்டாரைக் கழற்றித் திறந்தேன். உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்து கட்டையாகி, காமுடேட்டர் கரிபிடித்துக் கிடந்தது. பழைய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனை ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் கையில் வாங்கிப் பார்த்தார். “எமரித்தாள் போட்டுத் தேய்ச்சிராதீங்க சார், அந்தத் தூளு கரண்டக் கடத்தும். நைஸ் உப்புத்தாளு போடுங்க. காடிக்குள்ள இருக்கற கரியச் சுரண்டி விடுங்க.” எந்தக் கையேட்டிலிருந்து இது வந்தது? கம்பெனிக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் அதைப் படித்தவரில்லை. பதினொரு வயதில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க வந்தவர். பிறகு ஒன்று கேட்டார்: “ஏன் சார், நாங்க பாத்துத் தரமாட்டமா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நானே செய்துகொள்வதை நான் விடுதலை என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது ஒரு நாள் கூலி.

அன்று மாலை பின்சக்கரத்தைக் கழற்றினேன். லைனிங் உலோகம் தெரியுமளவு தேய்ந்திருந்தது. கேம் துருவேறி இறுகியிருந்தது. டிரம்முக்குள் சாம்பல் நிறத்தில் தூசி. ஊதப் போன வாயை மூடிக்கொண்டேன். வெப்பத்தைத் தாங்குவதற்காகப் பல பத்தாண்டுகளாக லைனிங்கில் சேர்த்தது கல்நார். அந்த இழை நுரையீரலில் தங்கினால் புற்றுநோயாக வெளிப்பட இருபது, நாற்பது வருஷங்கூட ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதை முழுமையாகத் தடைசெய்தது. என் வண்டியின் லைனிங்கில் அது இருந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஈரத்துணியால் துடைத்தேன். கேமில் கொஞ்சமாகக் கிரீஸ் வைத்து, புது ஷூ மாட்டி, ராடின் நட்டைத் திருகி மிதியின் ‘ப்ளே’யைச் சரிசெய்தேன்.

அண்ணன் ஷாப்பில் ஷூ மாற்றும்போது தூசியை வாயால் ஊதுவார்கள்; கம்ப்ரஸர் வந்தபிறகு காற்றடித்து விரட்டுகிறார்கள். 1995இல் உச்சநீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையைவிட்டபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கச் சொன்னது. அது ஆலைகளுக்கு. லைனிங்கைச் செய்தவருக்குப் பதிவேடு உண்டு. தேய்ந்த தூசியை ஊதிய பையனின் பெயர் ஏற அதில் பத்தி இல்லை. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை, குடும்பத் தொழிலுக்கு விலக்கு வைத்து, எல்லாத் தொழில்களிலும் சட்டம் தடுத்தது 2016 திருத்தத்தில்தான். அண்ணன் தலைமுறைக்கு அது வந்துசேரவில்லை.

ஆகவே ‘நானே செய்தேன்’ என்பது பாதி உண்மை. உப்புத்தாள் அவர் சொன்னது. ஈரத்துணி நான் படித்தது. முதலாவது என்னிடம் சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது அவரிடம் போகவில்லை. சைக்கிளும் பஸ்ஸும் பைக்கும் பழுதுபார்த்தவர்களின் வாய்மொழி வரலாற்றைச் சேகரிப்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டிய சின்ன வேலை இது. மறுநாள் போய்ச் சொன்னேன். சிரித்தார். “இத்தன வருஷம் ஊதியாச்சே சார்,” என்றார். பிறகு பையனைக் கூப்பிட்டு, தண்ணி வாளியும் துணியும் கொண்டுவரச் சொன்னார்.