தீக்குச்சி தின்ற தாடை

பல்வலி வந்தால் நாம் என்ன செய்வோம்? ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவோம். 19-ம் நூற்றாண்டில், கிழக்கு லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்கு அந்தத் தைரியம் கிடையாது. பல்வலி என்றாலே அடிவயிறு கலங்கிவிடும்!

அன்றைய தீக்குச்சி மருந்தில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். சுவரோ செருப்போ, எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால், குச்சியை மருந்தில் முக்கி எடுக்கும்போது கிளம்பும் ஆவி? அதை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கும், சீழ் கட்டும். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு அது வெளியே வழியும். பக்கத்தில் யாரும் உட்கார முடியாத நாற்றம். கடைசியில் ஈறு விலகி, செத்துப்போன தாடை எலும்பு வெளியே தெரியும். பெரும்பாலும் கீழ்த்தாடைதான்.

எக்ஸ்ரே 1895-ல்தான் வந்தது. அதற்கு முன்பு நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கம்பியை விட்டுப் பார்த்தால் வெற்று எலும்பு தட்டும். மூக்கு மீதியைச் சொல்லிவிடும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி... 'எங்கேம்மா வேலை பார்க்கிறே?'

வைத்தியம்தான் கொடுமை. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். செத்த எலும்பை எடுத்தே தீரவேண்டும். நியூயார்க்கில் ஜேம்ஸ் உட் என்ற சர்ஜன், தீப்பெட்டி அடுக்கும் வேலை பார்த்த டீன்ஏஜ் பெண் ஒருத்தியின் கீழ்த்தாடையை முழுசாகவே எடுத்தார். 1856-ல் அதைப் பற்றி எழுதினார். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார். அந்த உறையிலிருந்து புது எலும்பு வளர்ந்தது! அன்றைக்கு அது பெரிய சாதனை. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல பேர் செத்தே போனார்கள்.

சரி, மாற்று வழியே இல்லையா? இருந்தது சார், அதுதான் வயிற்றெரிச்சல்! வியன்னா டாக்டர் லோரின்சர் இந்த நோயைப் பற்றி எழுதியது 1845-ல். ஏறத்தாழ அதே சமயம், அதே ஊரில், ஆபத்தில்லாத சிவப்பு பாஸ்பரஸைத் தயாரித்துக் காட்டினார் ஷ்ரோட்டர். அதை வைத்து ஸ்வீடன்காரர்கள் உருவாக்கிய 'சேஃப்டி' தீப்பெட்டிக்கு பிரிட்டனில் உரிமை வாங்கியது யார் தெரியுமா? சாட்சாத் பிரையன்ட் அண்ட் மே கம்பெனிதான், 1855-ல்! ஆனால், பெட்டியில் மட்டுமே உரசவேண்டிய அந்தக் குச்சிக்கு விலை கூடுதல், மவுசு குறைவு. வெள்ளை பாஸ்பரஸ் தொடர்ந்து ஓடியது. நானும் பி.காம். படித்தவன்தான். இந்தக் கணக்கில் தாடைகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று தேடிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் இல்லை.

1888 ஜூனில் ஒரு பெண் பத்திரிகையாளர் இந்தத் தொழிற்சாலையின் கொடுமைகளை அம்பலப்படுத்தினார். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பத்திரிகையாளர் நமக்குத் தெரிந்தவர்தான். பின்னாளில் அடையாறுக்கு வந்து சேர்ந்த அன்னிபெசன்ட்! அபராதங்கள் ரத்தாயின. சாப்பிடுவதற்குத் தனி அறை தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அதுவரை பாஸ்பரஸ் படிந்த இடத்திலேயே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஆனால், பாஸ்பரஸ் போகவில்லை.

தாடை நோய் வந்தால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. 1898-ல் கம்பெனியின் குட்டு உடைந்தது. 17 நோயாளிகளை மறைத்திருந்தார்கள். அதில் 6 பேர் இறந்தே விட்டார்கள். கோர்ட் விதித்த அபராதம், செலவையும் சேர்த்து, 25 பவுண்டுச் சொச்சம்!

1901-ல் கம்பெனி வெள்ளை பாஸ்பரஸைக் கைவிட்டது. பிரிட்டனில் 1908-ல் தடைச் சட்டம், இந்தியாவில் 1913-ல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது 1920-களில். நம்மூர்த் தாடைகள் அந்த விதத்தில் தப்பின.

தாடை எலும்பு அழுகும் கதை அதோடு ஓயவில்லை. 2003-ல் மியாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய் அறுவைசிகிச்சை நிபுணர், 36 நோயாளிகளின் தாடையில் எலும்பு வெளியே தெரிவதாக எழுதினார். யாரும் தீக்குச்சியைத் தொட்டவர்களில்லை. எலும்பைக் காப்பாற்றத் தரப்படும் பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்தை எடுத்துக்கொண்டவர்கள். பெரும்பாலும் கேன்சர் நோயாளிகள். அந்த மருந்திலும் பாஸ்பரஸ் உண்டு! இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது, ஆன்டிபயாடிக் இருக்கிறது. செத்த துண்டை மட்டும் அளவாக எடுக்கவும் முடிகிறது. ஆனாலும் பல்லில் கைவைக்கும் முன்பு டாக்டர் கேட்பார்: 'எலும்புக்கு ஊசி, மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?' மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.