அந்தக் காலத்துச் சத்திரம் நூலகமானது: பேய்க்கும் உறுப்பினர் கார்டு!

அமெரிக்காவில் ஒரு நூலகம், பேய்க்கு உறுப்பினர் கார்டு போட்டுக் கொடுத்திருக்கிறது. நியூஜெர்சி மாநிலம் பெர்னார்ட்ஸ்வில் ஊரில்தான் இந்தக் கூத்து.

1840-ம் ஆண்டு வரை அந்த ஊருக்கு வீல்டவுன் என்று பேர். ரோட்டோரம் 'வீல்டவுன் டாவர்ன்' என்ற விடுதி இருந்தது. நம்மூர் சத்திரம் மாதிரி தர்மத்துக்குச் சோறு போடுகிற இடம் இல்லை. காசு கொடுத்தால் சாப்பாடு, மது, படுக்கை எல்லாம் கிடைக்கும். ஊர் வம்பு மட்டும் இலவசம்.

அப்போது இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து சுதந்திரப் போர். 1776 டிசம்பரில் அமெரிக்க தளபதி சார்லஸ் லீயின் படை வீல்டவுனில் தங்கியது. லீ மட்டும் படையை விட்டு, பக்கத்து பாஸ்கிங் ரிட்ஜில் வேறொரு விடுதியில் போய்ப் படுத்தார். 13-ந்தேதி காலையில் இங்கிலாந்து குதிரைப்படை வந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்விட்டது!

வீல்டவுன் விடுதியின் கதை இதைவிடச் சோகம். இது ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. விடுதிக்காரர் பார்க்கருக்கு பிலிஸ் என்று ஒரு மகள். அங்கே தங்கியிருந்த டாக்டர் பைரம் மீது அவளுக்குக் காதல். ஒருநாள் விடுதிக்கு வந்த தளபதியிடம் இருந்த ரகசியக் காகிதங்கள் காணாமல் போயின. டாக்டர்தான் உளவாளி என்று பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

உடலைப் பெட்டியில் வைத்து விடுதிக்கே கொண்டு வந்தார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பிலிசிடம் யாரும் சொல்லவில்லை. ராத்திரி அவளே பெட்டியை உடைத்துப் பார்த்தாள். அலறியவள்தான், அப்புறம் புத்தி தெளியவே இல்லையாம்.

1900-களின் தொடக்கத்தில் அதே கட்டிடம் ஊர் நூலகமானது. பெட்டி வைத்த பின்கட்டு அறைதான் பிறகு வாசிப்பு அறை ஆனது என்கிறார்கள். 1974-ல் அங்கே வேலை பார்த்த இளைஞர்கள் ஜன்னல் வழியாக ஓர் உருவம் நடமாடியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1989-ல் ஒரு சின்னப் பையன், நீள வெள்ளைக் கவுன் போட்ட அம்மாவுக்கு 'ஹலோ' சொன்னானாம். பெரியவர்கள் கண்ணுக்கு யாருமே தெரியவில்லை!

ஊழியர்கள் பயந்து ஓடவில்லை. பிலிஸ் பார்க்கர் பேரில் கார்டு போட்டு விட்டார்கள். பேய் இருக்கோ இல்லையோ, அவளைப் பார்க்கவாவது ஜனங்கள் நூலகத்துக்கு வந்தார்கள்.

1990-களின் இறுதியில் இடம் போதாமல் நூலகம் புதுக் கட்டிடத்துக்கு மாறியது.