பாவத்தைப் பொறுத்தல்: மதுரைக் கிறித்தவத் தமிழில் ஒரு வினைச்சொல்

மதுரை கீழவெளி வீதியில் தூய மரியன்னை பேராலயம்; வைகைக்கு வடக்கே நரிமேட்டில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயம். ஞாயிறு காலையில் இரண்டிலும் ஒரே செபம், இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, தமிழில் எழும். பாவ மன்னிப்பைக் கேட்கும் ஐந்தாவது விண்ணப்பத்துக்கு வரும்போது இரண்டு தமிழும் தெளிவாகப் பிரிந்துவிடும். கத்தோலிக்கரின் பழைய செபம் ‘பொறு’ என்ற வினையைப் பிடித்துக்கொள்கிறது. சீர்திருத்த சபைகளின் செபம் ‘மன்னி’ என்கிறது. அச்சபைகள் வாசிக்கும் வேதாகமத்தின் மத்தேயு ஆறாம் அதிகாரமோ அதையும் தாண்டி, பாவத்தைக் ‘கடன்’ ஆக்கிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை முன்பே கவனித்தவர்கள் உண்டு. அவர்களுடைய வாதத்தின் சாரம் இது: மன்னித்தல் என்பது வழக்கை முடிப்பது, பொறுத்தல் என்பது வழக்கைத் தள்ளிவைப்பது. மிஷனரிகள் தமிழறத்தின் பொறுமையைக் கடன் வாங்கி நற்செய்தியின் மன்னிப்பை நீர்க்கச் செய்தார்கள். அதனால் மீட்பு பற்றிய போதனையே இங்கு சகிப்புத்தன்மை பற்றிய போதனையாகச் சுருங்கியது. கேட்பதற்குக் கச்சிதமான வாதம்தான். அது ஓர் இலக்கணப் பிழையின் மேல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் தரப்பு.

‘பொறு’ என்பது ஒரு வினையாகத் தோன்றினாலும் நடைமுறையில் இரண்டு. பேருந்து நிலையத்தில் ‘கொஞ்சம் பொறுங்க’ என்றால் காத்திருங்கள் என்று பொருள். அங்கே செயப்படுபொருள் கிடையாது. குற்றத்தை, பிழையை, பாவத்தை என்று இரண்டாம் வேற்றுமை வந்து சேர்ந்தவுடன் பொருள் திரும்பிவிடுகிறது. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஊர்க்கோயிலில் சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ‘தெரிஞ்சோ தெரியாமலோ நடந்த குத்தத்தப் பொறுத்துக்கப்பா’ என்று வேண்டுகிற பெண், சாமியைக் காத்திருக்கச் சொல்லவில்லை. தண்டிக்காதே, இத்தோடு விட்டுவிடு என்கிறாள். சைவ மரபில் பிழை பொறுத்தல் மிகப் பழகிய தொடர். வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே தலைஞாயிற்றில் சிவனுக்கு வழங்கும் பெயரே குற்றம் பொறுத்த நாதர். அதை வடமொழியில் அபராத க்ஷமேசுவரர் என்றார்கள். ‘க்ஷமா’ என்ற சொல்லுக்கும் பொறுமை, மன்னிப்பு, நிலம் என மூன்று பொருளும் உண்டு என்பதைப் பிறகு பார்ப்போம்.

எதிர்த்தரப்பு வழக்கமாகக் கைநீட்டும் சாட்சி திருக்குறள். பொறையுடைமை அதிகாரத்தின் இரண்டாம் குறள் (152) தீங்கைப் பொறுப்பது நல்லது, மறப்பது அதைவிட நல்லது என்கிறது. எனவே பொறுத்தல் இரண்டாந்தர அறம், நினைவில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது என்கிறார்கள். குறளை அவ்வளவோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் குறளிலேயே பொறுத்தலுக்குச் செயப்படுபொருள் இருக்கிறது: ‘இறப்பு’, அதாவது வரம்பு கடந்து ஒருவர் செய்த செயல். அதைவிட முக்கியமான சான்று 155, 156 ஆகிய குறள்களில் இருக்கிறது. அங்கே பொறுத்தாருக்கு எதிராக நிறுத்தப்படுபவர் யார்? பொறுமை இழந்தவரோ அவசரப்பட்டவரோ அல்லர். ‘ஒறுத்தார்’, அதாவது தண்டித்தவர். தண்டிக்கும் உரிமையும் வலிமையும் கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே வள்ளுவர் சொல்லும் பொறுத்தல். ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்ச்சொல் காட்டிக்கொடுப்பதுபோல வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஒரு நெருடல் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கத்தோலிக்கச் செபத்தில், இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் பாதியில் பொறுக்கப்படுவது பாவம். முதல் பாதியில், நாம் செய்வதாகச் சொல்லும் பகுதியில், பொறுக்கப்படுவது ஆள், நமக்குத் தீங்கு செய்தவர். ஆளைப் பொறுத்தல் என்றால் சகித்துக்கொள்ளுதல் என்றும் ஆகும் அல்லவா? ஆகும். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள்: தன்னைத் தோண்டுபவரையும் நிலம் தாங்குவதுபோல, நம்மை இகழ்பவரைப் பொறுக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் செயப்படுபொருள் ஆள்தான், செபத்தில் நிற்கும் ‘போல’ என்ற உவமை உருபு அங்கேயும் நிற்கிறது. அந்த அமைப்பில் தொடங்கும் அதிகாரம் ஒறுத்தாரை நோக்கி நகர்கிறதே தவிர, சகித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவரை நோக்கி நகரவில்லை.

இனி ‘கடன்’. கிரேக்க மூலத்தின் மத்தேயுவில் கடன் என்றே இருக்கிறது. அதை விட்டுவிடுவது, போகவிடுவது என்பதே அங்குள்ள வினை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் சீர்திருத்த சபை வேதாகமமே மூலத்துக்கு நெருக்கம். கடனாளிகளுக்கு மன்னித்தல் என்று நான்காம் வேற்றுமை வருவதிலும் கிரேக்கத்தின் நிழல் தெரிகிறது. தமிழர் ஒருவரை மன்னிப்பார்கள், ஒருவருக்கு மன்னிப்பதில்லை. நம்மூரில் கடனை யாரும் மன்னிப்பதும் இல்லை. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் தள்ளுபடி ஆகும். தெரிந்தவர் என்றால் வட்டியைத் தள்ளிவிடுவார். 2003-ல் கந்துவட்டிக்கு எதிராகத் தனிச்சட்டம் போடவேண்டியிருந்த மாநிலம் இது. கடன் எப்படி நெரிக்கும் என்று இங்கே யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சிக்கல் அதுவுமில்லை. மதுரைச் சமவெளியில் தெய்வத்துக்கும் மனிதருக்கும் இடையே நிற்கும் கடனுக்குப் பெயர் நேர்த்திக்கடன். மொட்டை, கிடா, தீச்சட்டி, கரும்புத் தொட்டில் என்று அதன் வடிவங்கள் பல. இயேசு சபைக் குரு பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கு இன்றும் கத்தோலிக்கர் மட்டுமன்றி மற்றவர்களும் நேர்ச்சையோடு போகிறார்கள். இந்தக் கடனைச் செலுத்தியே தீர வேண்டும். செலுத்தாமல் விடுவதே குற்றம். சாமியிடம் தள்ளுபடி கேட்பது அதைவிடப் பெரிய குற்றம். அப்படிப்பட்ட காதுகளுக்கு, கடவுளிடம் போய்க் கடனை மன்னிக்கச் சொல்வது, நேர்ந்ததைக் கொடுக்காமல் தப்பப் பார்ப்பதாகவே ஒலித்திருக்கும். கத்தோலிக்க மரபு ‘கடன்’ என்ற சொல்லைத் தவிர்த்ததற்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வது மிகையாகலாம். ஆனால் லத்தீன் செபத்திலும் கடன் என்ற சொல்லே நிற்கும்போது, அதையே நாள்தோறும் ஓதிய குருக்கள் தமிழில் அதைக் கைவிட்டார்கள் என்றால், இந்த மண்ணின் பேச்சைக் கேட்டுத்தான் கைவிட்டிருப்பார்கள் என்பதை மறுப்பது கடினம்.

‘மன்னிப்பு’ உருதுச் சொல், எனவே விலக்கத்தக்கது என்று மேடையில் முழங்குபவர்களை இங்கே விரிவாக மறுக்க வேண்டியதில்லை. தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’ என்று அந்த வினை இருக்கிறது. இரண்டிலும் மன்னித்தலோடு மதித்தல், மரியாதை செய்தல் என்ற பொருளும் உண்டு. 1606-ல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது நாயக்கர் அரண்மனையின் மொழி தெலுங்கு. தமிழோடு சமஸ்கிருதமும் தெலுங்கும் அவர் கற்றது காரணமில்லாமல் அல்ல. மன்னித்தல் என்பதில் மேலிருந்து கீழே வரும் சலுகையின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசன் மன்னிப்பான். குடிகள் அரசனை மன்னிப்பதில்லை.

பொறுத்தலுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. அதன் வேரில் இருப்பது சுமை. பொறை என்றால் பாரம். பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளை பெறுதல். மதுரையிலிருந்து தெற்கே போகும் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. நட்ட இரண்டு கல், அவற்றின் மேல் தோளுயரத்தில் ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையோடு தனியாக வருபவர் குனியாமல், இன்னொருவர் கைகொடுக்காமல், மூட்டையை அதன் மேல் சரித்துவிட்டுச் சும்மாட்டை உதறிக்கொண்டு நிற்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் தென்மாவட்டங்களில் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன ஒரு சுமைக்காக, ஊரார் எல்லோரும் சுமை இறக்கி வைக்க ஓர் இடம்.

எபிரேய விவிலியத்தில் மன்னிப்பைக் குறிக்கும் வினைகளில் ஒன்று ‘நாசா’. தூக்கு, சும என்பதே அதன் நேர்ப்பொருள். யாத்திராகமம் 34-ல் கடவுள் தம்மைப் பற்றிச் சொல்லும்போது அக்கிரமத்தை மன்னிப்பவர் என்று நாம் படிக்கும் இடத்தில், மூலம் சொல்வது அக்கிரமத்தைச் சுமப்பவர் என்று. முப்பத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கத்திலும் அதே வினை. இந்த இடத்தில் தமிழ்ப் பொறுத்தலும், நிலத்தைக் குறிக்கும் வடமொழி க்ஷமாவும், எபிரேயச் சுமத்தலும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. பாவம் காற்றில் கரைவதில்லை. யாரோ ஒருவர் அதன் பாரத்தைத் தம் தோளில் வாங்குகிறார். சிலுவையைப் பற்றிய கிறித்தவப் போதனை இதைத்தான் சொல்கிறது. அப்படியிருக்க, பொறுத்தல் என்ற சொல் மீட்பை நீர்க்கச் செய்தது என்பது எப்படிப் பொருந்தும்?

எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் மத்தேயு பதினெட்டு. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் அரசனிடம் பொறுமைதான் கேட்கிறான், தவணை கேட்கிறான். அரசன் கொடுப்பதோ முழு மன்னிப்பு. பிறகு அவனே நூறு தெனாரி கடன்பட்ட சக ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவனும் அதே பொறுமையைக் கேட்கிறான், கிடைக்கவில்லை. பொறுமையும் மன்னிப்பும் வேறு என்பதுதானே கதையின் உயிர்? இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் என்றால் கதை குழம்பாதா? குழம்பாது. கடன்பட்டவன் கேட்பது செயப்படுபொருள் இல்லாத பொறுத்தல்; அரசன் செய்வது செயப்படுபொருள் உள்ள பொறுத்தல். அவன் அவகாசம் கேட்டான். அரசனோ அவனுடைய நட்டத்தைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டான். ஒரே வேரில் இரண்டும் கிளைக்கும்போது, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தூரம் தமிழில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

சீர்திருத்த மரபினருக்கு இன்னொரு கவலை உண்டு. நாம் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்று கேட்டால், மீட்பு நம் செயலுக்குக் கூலியாகிவிடாதா? அதற்கான விடை பழைய செபத்தின் வினை அமைப்பிலேயே இருக்கிறது. நம் பங்கில் வெறும் பொறுத்தல். கடவுளின் பங்கில் அதே வினையோடு ‘அருள்’ என்ற துணைவினை ஒட்டிக்கொள்கிறது. அருள் என்பதே தமிழ்க் கிறித்தவர் இறைக்கொடையைக் குறிக்கும் சொல். ஒப்புமை இருக்கிறது, சமன்பாடு இல்லை.

தலித் இறையியலாளர்கள் எழுப்பும் ஐயத்தை அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை என்று அறியப்பட்ட தியாஃபிலஸ் அப்பாவு ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையியலின் நடுவில் வைத்தார். அந்த உலையிலிருந்து விலக்கப்பட்டவரிடம் போய் ‘பொறு’ என்றால் என்ன பொருள்? உத்தப்புரம் கிறித்தவச் சிக்கல் அல்ல. ஆனாலும் மதுரை மாவட்டத்தில் இந்தச் சொல்லைச் சோதிக்க அதைவிடத் தெளிவான இடம் இல்லை. தலித் மக்களைப் பிரித்து அந்த ஊரில் 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. இரு தரப்புக்கும் உடன்பாடு வந்தது 2011 அக்டோபரில். நடுவில் கழிந்த ஆண்டுகளில் தலித் மக்களிடம் எதிர்பார்க்கப்பட்டது ‘பொறுத்துப்போ’ என்ற கூட்டுவினை. அதற்கும் செயப்படுபொருள் இல்லை. தண்டிக்கும் வலிமை இல்லாதவரிடம் பொறுத்தலைக் கேட்க முடியாது. கேட்பவர் உண்மையில் கேட்பது பணிவை. இதே இலக்கணம்தான் இங்கேயும் உண்மையைச் சொல்கிறது. பாவசங்கீர்த்தனம் என்று வழங்கியதைக் கத்தோலிக்கர் இன்று ஒப்புரவு என்கிறார்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போய், உன்மேல் குறையுள்ள சகோதரனோடு முதலில் ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தின் வரிசையில், புறப்பட்டுப் போக வேண்டியவர் குறை செய்தவர், பாதிக்கப்பட்டவர் அல்லர்.

1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மன்னி’யின் பக்கம் சாய்ந்துவிட்டது. பொதுத்தமிழ் வேண்டும், சபைகள் ஒன்றாகச் செபிக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் ‘பொறு’ பழமையானது, தெளிவற்றது என்று சொல்லி அதைக் கைவிட்டிருந்தால், அந்தத் தெளிவின்மை செபத்தில் இல்லை. வேற்றுமை உருபைக் கவனிக்காத வாசிப்பில் இருந்தது.

‘ஒறுத்தார்’ என்னவானார்? வள்ளுவர் பொறுத்தாருக்கு எதிரே நிறுத்திய அந்தச் சொல் மதுரைக் கத்தோலிக்கரின் அன்றாடத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது, இடம் மாறி. தவக்காலம் தொடங்கினால் பங்குக் கோயில் அறிவிப்புகளில் ‘ஒறுத்தல் முயற்சிகள்’ என்று வரும்: கறி மீன் விடுவது, ஒருசந்தி இருப்பது, காபியை நிறுத்தி அந்தக் காசை ஏழைகளுக்கென ஒதுக்கி வைப்பது. ஒறுக்கப்படுவது தான், பொறுக்கப்படுவது பிறன்.